சட்டை வராமல் கையெழுத்து இல்லை

பிணம் அறுக்கிறவனுக்கு வாடகைக்கு வீடு கிடையாது என்று குன்றத்தூரில் மூன்று பேர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். சூசைராஜ் அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். யாரையும் அவருக்குப் பிடிக்காது. அவரையும் யாருக்கும் பிடிக்காது.

அன்று காலை ஒரகடம் பக்கத்துக் கிடங்கு ஒன்றிலிருந்து பாபுவின் உடல் வந்தது. ரவை போட்டுச் சுடும் நீளத் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றவன். மார்பில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். கூடவே வந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி பராசரன் வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார்.

"சூசைடு. அவன் துப்பாக்கி, அவனே சுட்டுக்கிட்டான். மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க."

பாபுவின் மனைவி அம்சவல்லி பாய்ந்து வந்தாள். "எவன்டா பாத்தது? காசு வாங்கிகினு எழுதித் தரத்தான நீங்கல்லாம் கீறீங்க!" அவள் துப்பியது சூசைராஜின் செருப்பில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

துணியை விலக்கினால் உடலில் சட்டை இல்லை. ரத்தத்தைக் கழுவியிருந்தார்கள். மார்பில் பெரிய ஓட்டை. அதைச் சுற்றி மிளகளவில் தனித்தனித் துளைகள்.

"ரவை செதறியிருக்கு. தூரத்துலேர்ந்து சுட்ட மாதிரி இருக்கு," என்றார் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் வசுதா. "ஆனா சட்டையைப் பாக்காம எழுத மாட்டேன்."

பக்கத்தில் வைத்துச் சுட்டால் புகைக்கரியும் மருந்துத் துகளும் படியும். சட்டை போட்டிருந்தால் துணியே அதை வாங்கிக்கொள்ளும்; தோல் சுத்தமாகத் தெரியும். சூசைராஜுக்கு இது மனப்பாடம்.

வெளியே வந்து சட்டை எங்கே என்று கேட்டார். பராசரன் சீறினார். "ரத்தச் சட்டை உனக்கெதுக்குய்யா? அறுக்கிற வேலையைப் பாரு."

"இதான் சார் என் வேலை. சட்டை வராம கையெழுத்து இல்ல. ஒடம்பு இங்கியே கெடக்கட்டும்."

உடலோடு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகக் கான்ஸ்டபிளை அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில், கிடங்கின் குப்பைத் தொட்டியிலிருந்து சட்டை வந்தது. சூசைராஜ் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்க, டாக்டர் லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கரி இல்லை. துகள் இல்லை.

துப்பாக்கி நீளத்துக்கு ஒரு கம்பைச் சூசைராஜிடம் கொடுத்து, அவர் மார்புக்கு எதிரே அவரையே பிடிக்கச் சொன்னார். சூசைராஜின் விரல் விசை இருக்கும் இடத்தை எட்டுவதே பாடாக இருந்தது; எட்டினபோது கம்பின் முனை மார்பை ஒட்டி நின்றது.

"இவர் சுட்டுக்கல," என்று சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார் டாக்டர். "பல அடி தள்ளி நின்னு வேற ஒருத்தர் சுட்டிருக்காங்க. வேணும்னு சுட்டதா, கை தவறினதான்னு ஒடம்பு சொல்லாது. அதை நீங்கதான் விசாரிக்கணும்."

விசாரித்தார்கள். ஷிப்ட் மாற்றும் தகராறில் உடன் வேலை பார்த்த சுடலை துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டிருந்தான். நிறுவனத்தின் பேர் கெடக்கூடாதென்று பராசரன் சட்டையைக் கழற்றி எறிந்திருந்தார். மூன்றாம் நாள் இருவரையும் கைது செய்தார்கள்.

சான்றிதழ் வாங்க வந்த அம்சவல்லியிடம் சூசைராஜ், "ஒன் வூட்டுக்காரரு தானா சாகலம்மா. எழுதிக்கீது," என்றார்.

"நான் அன்னிக்கே சொன்னேனே. அத்த நீங்க அவரக் கூறு போட்டுத்தான் கண்டுபிடிக்கணுமா?"

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் பிடிக்கப் போனாள்.