ஊரார் வாயால் ஏழையானேன்

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அதை ஒளித்துவைத்துப் பேசுகிற வழக்கமும் எனக்குக் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் தலையில் கூடை சுமந்து கூலி வாங்கியவன், அதே உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துப் பத்துப் பேருக்குக் கூலி கொடுத்தவன். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று வந்தவர்களையும் நான் கிட்டே சேர்த்ததில்லை. அப்படிப்பட்ட என்னை 2006ஆம் வருஷத்துக் கோடையில் ஏழை என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

என் பெண் அப்போது பிளஸ் டூ. நன்றாகப் படிப்பாள். அந்த மூளை தன் வீட்டு வழியில் வந்தது என்று என் மனைவி சொல்வாள், சொல்லிவிட்டுப் போகட்டும். இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். சென்னையில் ஏதோ ஓர் அறக்கட்டளையாம், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிகிறவரை கல்லூரிப் பணம் கட்டுமாம். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அவளே நிரப்பிவிட்டு என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் உப்பளத் தொழிலாளி என்று எழுதியிருந்தாள்.

"யாருடி தொழிலாளி?" என்றேன்.

"மொதலாளின்னு போட்டா தூக்கிப் போட்டுடுவாங்கப்பா."

"போடட்டும்."

"போட்டுட்டா நான் எங்க போறது? உப்பு வாரவா?"

அந்தக் கேள்விக்கு அந்த வருஷம் என்னிடம் பதில் இருந்திருந்தால் காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

முந்தின மழைக்காலம் எங்களைத் தின்றுவிட்டது. வரப்பெல்லாம் உடைந்து, பாத்தி எது ஏரி எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. லாரியை விற்றேன். வெளியூருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று தெருவில் சொல்லிவைத்தேன். வரப்பு கட்டுவதற்குத் திண்டிவனத்து வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கினேன். விளைகிற உப்பு முழுக்க அவருக்கு என்று பேச்சு. ஆகவே அந்தச் சித்திரையில் ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று நின்ற உப்புக் குவியலெல்லாம் பார்க்கிறவன் கண்ணுக்கு என்னுடையது, உள்ளபடி அவருடையது.

நொடித்ததை வெளியே காட்டாமல் நடந்ததைப் படித்தவர்கள் பொய் என்பார்கள். அவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளம். என் தொழிலில் நொடித்துப்போனவன் என்று பேர் வந்தால், மறுநாள் கூலியாள் கூலியை முன்னாலேயே எடுத்து வை என்பான். மளிகைக்கடைக்காரன் பழைய பாக்கியைப் பேசுவான். வியாபாரி அடுத்த வருஷம் வேறு பாத்தியைத் தேடிப் போவான். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டைதான் எனக்கு மூலதனம். ஏழை என்று சொன்னால்தான் கொடுப்பேன் என்கிற புண்ணியவான்களுக்கு, அப்படிச் சொன்ன பிறகு ஒருவனுக்கு என்னென்ன போகும் என்பது தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பாதித்த நகையைத் திருடின நகை மாதிரி மறைக்கிற பிழைப்பு!

இதற்கு நடுவில் என் மச்சான், மனைவியின் தம்பி, யோசனை சொல்ல வந்தான். வேலைவெட்டிக்குப் போகாத பயல்களுக்குத்தான் இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம் அத்துப்படி.

"மாமா, பணம் குடுக்குறவங்க வூட்டுக்கு வந்து பாப்பாங்க. டிவிய எங்க வூட்ல கொண்டாந்து வெச்சிடுங்க. சேரெல்லாம் வேணாம், பாய் போடுங்க. நீங்க ஒரு கிழிஞ்ச பனியனோட குந்துங்க."

"அப்படியே ஒரு திருவோடும் வாங்கிக் குடுத்துடேன்."

"கெடைக்கிறதக் கெடுத்துக்காதீங்க மாமா."

"டேய், கிழிஞ்ச பனியன் உன்கிட்டதான் நெறைய இருக்கு. நீயே வந்து குந்திக்கோ."

டிவி இருந்த இடத்திலேயே இருந்தது. நாற்காலிகளைத் துடைத்துப் போடச் சொன்னேன்.

வைகாசி வெயிலில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் உதவிக் கார்கள் வராத மாசமில்லை. ஆனால் அவை பேனர் கட்டிக்கொண்டு வரும். இதில் பேனர் இல்லை. வயசான கணவன், மனைவி. அவர் ஏதோ ஆபீசில் பெரிய வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் மாதிரி, அந்தம்மா பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக. அறக்கட்டளைக்காரர்கள்தான். வந்த காரியத்தை வெளியே சொல்லாமல் முதலில் தெருவில் விசாரிக்கவேண்டும் என்பது அவர்கள் சட்டமாம். தெருமுனை டீக்கடையில் காரை நிறுத்தி என் வீட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

"அந்த வீட்டுப் பொண்ணு எப்படிங்க? குடும்பம் எப்படி?"

எங்கள் ஊரில் கல்யாண வயசுப் பெண் இருக்கிற வீட்டைப் பற்றி ஒரு ஜோடி காரில் வந்து விசாரித்தால், அது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்த வீட்டுக்காரன் நேற்று நம்மோடு வாய்க்கால் சண்டை போட்டவனாக இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டீக்கடைக்காரன் ஆரம்பித்திருக்கிறான்.

"தங்கமான பொண்ணு சார். தலை நிமிந்து நடக்காது."

"அப்பாவுக்கு வசதி எப்படி?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? வழியில உப்பு மலை மலையா பாத்தீங்களே, அதெல்லாம் யாரோடதுன்னு நெனச்சீங்க? லாரி வேற ஓடுது."

பெஞ்சில் இருந்தவன் ஒருவன், "ஒரே பொண்ணு சார். முப்பது சவரன் கண்ண மூடிக்கினு போடுவாரு" என்றானாம். இன்னொருவன், "பையனுக்கு வண்டி வேணும்னாகூட இப்பவே கேட்டுடுங்க" என்றானாம். வந்த இரண்டு பேருக்கும் அப்போதும் உறைக்கவில்லை. அவ்வளவு படிப்பு.

வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவைத்துக் கலர் உடைத்துக் கொடுத்தேன். நானும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தம்மா டிவியைப் பார்த்தார். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த உதவி நிஜமாவே இல்லாதவங்களுக்கு. உங்களுக்கு லாரி இருக்கு, உப்பளம் இருக்கு, முப்பது சவரன் போடப்போறீங்க..."

 நான் ஜன்னலுக்கு வெளியே கேட்டுவிடாத குரலில், லாரி விற்றாகிவிட்டது, உப்பு என்னுடையது இல்லை, நிலம் சர்க்கார் குத்தகை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்கிற சிரிப்பு அது. இல்லாதவன் கூனிக் குறுகி நின்று சொன்னால்தான் அவர்களுக்குக் காது கேட்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னால் ஏறாது. எழுந்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் பெண் வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள். "சார், டீக்கடையில நீங்க யாருன்னு சொன்னீங்களா?"

"சொல்லக் கூடாதும்மா. அதான் முறை."

"அப்ப உங்கள மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சிருப்பாங்க சார்."

அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் கூட வர்றேன். இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாள்.

"உள்ள போடி" என்றேன்.

"நீங்க சொன்னா நம்பலையேப்பா. வேற யாரு சொல்றது?"

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். என்னை ஏழை என்று சொல்லவைக்க என் பெண் தெருவில் தனியாகப் போவதா? நானும் பின்னாலேயே போனேன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

டீக்கடையில் அவள் நேராகவே சொன்னாள். "அண்ணே, இவங்க பொண்ணு பாக்க வரல. எனக்குக் காலேஜுக்குப் பணம் கட்ட வந்திருக்காங்க. உள்ளதச் சொல்லுங்க."

டீக்கடைக்காரன் அவளைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அட, மொதல்லயே சொல்ல வேண்டியதுதான சார்? நாங்க கல்யாணத்துக்குன்னு அதுக்கேத்த மாதிரி சொல்லிட்டோம்" என்று ஆரம்பித்தான். "லாரியெல்லாம் மழைக்கே போயிடுச்சு சார்."

"உப்பு திண்டிவனத்தாரோடது. மேல மூடியிருக்குற ஓலைகூட அவர் வாங்கிக் குடுத்ததுதான்" என்றான் பெஞ்சுக்காரன்.

"முப்பது சவரனா? இவரு சம்சாரம் கழுத்துல கெடக்குறதே கவரிங் சார்" என்றான் இன்னொருவன்.

கவரிங் விஷயம் என் மச்சானுக்கே தெரியாது. சற்று முன்னால் என்னைத் தூக்கிவைத்துப் பேசினவர்கள், அதே சுறுசுறுப்போடு போட்டி போட்டுக்கொண்டு இறக்கினார்கள். பெரியவர் குறித்துக்கொண்டே போனார். ஊர் முழுக்க எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எவனும் கூலியை முன்னால் கேட்கவில்லை, மளிகைக்காரனும் வாய் திறக்கவில்லை. அதற்காக நான் அவர்கள் காலில் விழவேண்டியதில்லை. கூலியென்று வந்தவனை நான் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பினதில்லை. அந்தக் கணக்குக்கு இது சரியாய்ப் போயிற்று.

பணம் கிடைத்தது. ஆனால் அதையும் சும்மா கொடுத்துவிடுவார்களா? சென்னையில் கல்யாண மண்டபம் பிடித்து, மேடை போட்டு, அப்பாவோ அம்மாவோ மேலே வந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை என்றார்கள். மேடை என்றதும் என் மனைவி மாட்டவே மாட்டேன் என்றாள். பெண் என்னையே பார்த்தாள். 

கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி சட்டையில் போனேன். வாசலில் நின்ற பையன் என்னைப் பணம் கொடுக்கிற பெரிய மனிதர் என்று நினைத்து, சந்தனம் கொடுத்து முன் வரிசையில் உட்காரவைத்தான். நானும் திருத்தவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் நிஜமான பெரிய மனிதர். எக்ஸ்போர்ட் செய்கிறாராம். உப்பு விலை, லாரி வாடகை என்று அவரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாத நாலு விஷயம் சொன்னேன்.

மைக்கில் என் பெண் பெயர் வந்தது. ஏழை உப்பளக் கூலித் தொழிலாளியின் மகள், பெற்றோர் மேடைக்கு வரவும் என்று உருகினார்கள். நான் எழுந்தேன். பக்கத்துக்காரர் என் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க சார். அந்தப் பசங்களோட பேரண்ட்ஸத்தான் கூப்பிடுறாங்க."

"பெத்தவன் நான்தாங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். மைக்கில் பேசினவர் நான் படியேறி வருவதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். என் பெண் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள். பேனாவை வாங்கினேன். ஐந்தாவது வரை படித்த எழுத்துதான். அவர்கள் போட்டிருந்த கட்டம் எனக்குப் போதவில்லை. கட்டத்துக்கு வெளியே நீட்டி, முழுப்பெயரையும் போட்டேன்.