ஒன்பதாம் நம்பர் மலையும் பழைய ஜெட்டுகளும்

அடுத்த தடவை குளவி கொட்டினால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை உயிர் தாங்காது என்று டாக்டர் சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார். என் மனைவிக்கும் விளங்கியது. அவள் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடியிருந்தன. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங் கொழுந்துக் கூடை எங்க?"

கூடை ஒன்பதாம் நம்பர் மலையில் கிடந்தது. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எங்கள் தோட்டம் எஹலியகொடைக்கு மேலே. கீழ்ப்பக்கம் இறப்பர், மேல்பக்கம் தேயிலை. ஒன்பதாம் நம்பர்தான் கடைசி. அதற்கு மேல் செங்குத்தாக ஒரு பாறை நிற்கிறது. வெள்ளைப் பாறை. மழை விட்டு வெயில் அடித்தால் பளபளக்கும். எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். தொல்லையே அதுதான்.

அந்தப் பாறையில் வருடா வருடம் குளவி வந்து கூடு வைக்கும்; பெரிய மலைத்தேனீயைத்தான் நாங்கள் குளவி என்போம். கறுப்புப் பாய்களைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடும். சும்மா விட்டால் அது யாரையும் ஒன்றும் செய்யாது. அதனால் ஒன்பதாம் நம்பரில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். மற்ற மலைகளில் நாள் முழுக்க வாயடிக்கிற பெண்கள் அங்கே போனால் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். தலைக்குப் பூ வைக்க மாட்டார்கள். வாசனை எண்ணெய் பூச மாட்டார்கள். கங்காணியும் கையைக் காட்டித்தான் வேலை வாங்குவார். இப்படித்தான் குளவியும் நாங்களும் இருந்தோம்.

அப்புறம் ஜெட் வந்தது.

விமானப்படையில் ஜெட்டுகளை வரிசையாக ஓட்டி வித்தை காட்டும் குழு ஒன்று இருக்கிறது. விழாக்களில் கலர்ப் புகை விட்டுப் போவார்களே, அவர்கள். விழா நெருங்கும்போது எங்கள் பக்கம் வந்து பழகுவார்கள். கேம்ப்பிலிருந்து நேராக வந்து, வெள்ளைப் பாறையைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றாகச் சரிந்து திரும்பும். முதலில் ஆறு வந்தன. சத்தம் பிறகுதான் வரும். சத்தம் வரும்போது விமானம் போயிருக்கும். அந்தச் சத்தம் பாறையில் பட்டு இடி மாதிரி திரும்பும். கறுப்புப் பாய் அப்படியே கழன்று விழும்.

என் மனைவிக்குக் கொட்டியது அந்த முதல் வருடம். கொழுந்து லொறியில்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

கங்காணி என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். அவரிடம் போனேன்.

"அந்த மலைய கொஞ்ச நாளைக்கி விட்டுருங்க மச்சான்."

"நா என்னத்த விட, மாப்புள? தொர சொல்ற நம்பரத்தான் நா கூப்புடுறேன். அங்கதான் கொழுந்து நல்லா வருது."

பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், பெண்கள் அவரை விடவில்லை.

"கங்காணி அண்ணே, ப்ளேன்காரனுக்கும் பேர் போட்டுருங்க. அவனும் நம்ம மலையிலதான வேல செய்றான்."

பேர் போடுவது என்றால் அன்றைய சம்பளத்தைப் பதிவது.

"போட்டா அரப்பேருதான்," என்றார் மச்சான். "வந்த ஒடனே திரும்பிப் போயிர்றானே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனேன். துரை நல்ல மனுசன். கேம்ப்புக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினார். ஒரு நாள் ஜீப்பில் கேம்ப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளவயது. மரியாதையான ஆள். பாறையை அண்ணாந்து பார்த்தார். போனில் படம் எடுத்தார். என்னோடு சிங்களத்தில் பேசினார். என்னை அய்யே என்றுதான் கூப்பிட்டார், அண்ணன் என்று.

"பம்பரு நெறய இருக்கே," என்றார். குளவியைத்தான் அப்படிச் சொன்னார்.

"நிறுத்துங்கன்னு சொல்லல சேர். வர்ற நாளுக்கு மொத நாளு ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னிக்கி ஆள அந்த மலைக்கி அனுப்ப மாட்டோம்."

அவர் தலையைச் சொறிந்தார்.

"அய்யே, அந்த ஜெட்டுகளுக்கு என் வயசவிட வயசு கூட. காலைல ஆறையும் வெளிய எடுப்போம். எத்தன கெளம்பும்னு எங்களுக்கே அப்பதான் தெரியும். கெளம்புற அன்னிக்கி நாங்க பறந்துக்கணும்."

"வேற பாறை இல்லீங்களா?"

"இந்த மாதிரி வெள்ளையா இல்ல. பழைய ஜெட்டுல கண்ணாலதான் அடையாளம் வைக்கணும். புதுசு வந்தா உள்ளுக்கே எல்லாம் காட்டும். அப்ப இந்தப் பாறை வேணாம்."

"புதுசு எப்ப சேர் வரும்?"

"யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. வாங்கலாம், இல்லாட்டி குழுவையே கலைச்சிறலாம். எப்படியும் பழசுக்கு இது கடைசி வருஷம்."

சொல்லிவிட்டு மறுபடி பாறையைப் பார்த்தார். முகம் வாடித்தான் இருந்தது.

"நீங்களும் ஓட்டுறீங்களா சேர்?"

"ஓட்டுறேன். எடது பக்கம் போறது நான்தான்."

தன் போன் நம்பரைத் தந்தார். நல்லவராகத்தான் இருந்தார். நல்லவரோடு சண்டை பிடிக்க முடியாது. அது ஒரு கஷ்டம்.

அந்த வருடம் என் மனைவி ஒன்பதாம் நம்பருக்குப் போகவில்லை. ஆள்கள் அங்கே போகிற நாளில் புல் வெட்டுகிற வேலை இருந்தால் போவாள். இல்லாவிட்டால் லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், இருப்பாள். ஒரு வருடம்தானே என்று இருந்தோம்.

மறு வருடம் ஐந்து வந்தன. போன் எடுத்தேன்.

"கடைசி வருஷம்னு சொன்னீங்களே சேர்?"

"அப்படித்தான் இருந்துச்சு அய்யே. புதுசு வாங்குறது தள்ளிப் போச்சு. இந்த வருஷத்தோட சரி."

அதற்கடுத்த வருடமும் ஐந்துதான் வந்தன. அதே பதில்தான் கிடைத்தது.

நான் கான் வெட்டுகிறவன். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் மலையில் குறுக்கே வெட்டுகிற கான். தண்ணீரை இந்தப் பக்கம் விடுவதா அந்தப் பக்கம் விடுவதா என்று பார்த்துவிட்டு வெட்டுவேன். யோசித்துக்கொண்டே நின்றால் மழை வந்துவிடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பத்து வருடம் பறப்போம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் நான் வேறு தோட்டத்தில் வேலை தேடியிருப்பேன். இனிப் பறக்க மாட்டோம் என்றால் அவள் கூடையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இரண்டும் இல்லை. வாங்குவதென்றால் வாங்கிவிட வேண்டும். கலைப்பதென்றால் கலைத்துவிட வேண்டும். எங்கோ மேசையில் இருக்கிறவர்கள் யோசிக்கிறார்கள். இங்கே இவள் புல் வெட்டுகிறாள்.

வீட்டில் பேச்சு வளர்ந்தது.

"ஒங்க சேர் என்ன சொல்றாரு?"

"இந்த வருசத்தோட சரிங்கிறாரு."

"அவரு வாயில வருசமே முடியாது போல."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த விமானங்களைப் பிடிக்கும். லயத்து வாசலில் நிற்கும்போது வந்தால் கையிலிருக்கிற பாத்திரத்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவளுக்கு வராது.

அப்புறம் டிவியில் சொன்னார்கள். பழைய ஜெட்டுகளுக்கு இதுதான் கடைசி விழா, இனி அவை பறக்காது, குழுவை என்ன செய்வது என்று பிறகு முடிவெடுப்பார்கள் என்று. விழாவைக் காட்டினார்கள். லயத்து ஆள்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஐந்தும் ஒட்டி ஒட்டி வந்தன. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புகை. கூட்டத்தில் யாரோ அழுததையும் காட்டினார்கள்.

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள் என் மனைவி.

"ஒனக்கு எமன்டி அது," என்றார் மச்சான்.

"எமனா இருந்தாலும் வரிசையா வர்றான்ல. நம்ம கொழுந்து நிறுக்கிற எடத்துல யாராச்சும் அப்பிடி வரிசையில நிக்கிறீங்களா?"

மச்சான் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விட்ட காய்ச்சல் திரும்புகிற மாதிரி அவளுக்கு ஒன்பதாம் நம்பர் ஞாபகம் வந்தது. போகிறேன் என்றாள்.

"ஒரு வருசம் பாத்துட்டுப் போ."

"எத்தன வருசம் பாக்குறது? ப்ளேன் நின்னுபோச்சுன்னு ஊரே பாத்துச்சு. இன்னும் நா புல்லுதான் வெட்டணுமா?"

நானும் டிவியில் பார்த்தேனே. சேருக்குப் போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடைசி விழா முடிந்த மனுசனிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அவள் போனாள். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றுக்குக் கொழுந்து வந்ததும் மறுபடி போனாள். அன்றைக்கு நான் எட்டாம் நம்பரில் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஓடைதான். அவர்கள் முதுகு எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவள் மேல் வரிசையில் நின்றாள். சிவப்புப் படங்கு கட்டியிருந்தாள். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற துணி அது.

முதலில் பாறைப் பக்கம் என்னமோ மின்னியது. நான்கு. நான்கு விமானங்கள் சரிந்து திரும்பின. அதற்குப் பிறகு சத்தம்.

கறுப்புப் பாய் விழுந்ததைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நம்பரில் ஒரு நாளும் வாய் திறக்காத மச்சான் கத்தினார்.

"படு! படு! எல்லாம் படுங்கடி!"

பெண்கள் செடிக்கு அடியில் போய்விட்டார்கள். சிவப்புப் படங்கை அவள் தலைக்கு மேல் இழுத்ததைப் பார்த்தேன். அப்புறம் செடிதான் தெரிந்தது. மச்சான் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் ரோட்டுப் பக்கம் ஓடினார். குளவி அவர் பின்னால் போனது.

நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடையைத் தாண்டவில்லை. தாண்டிப் போனால் குளவியை அவள் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். அது தெரியும். தெரிந்தாலும் கால் துடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. சத்தம் ஆகாது. அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை.

இரைச்சல் அடங்கி வெகு நேரம் கழித்து சிவப்புத் துணி அசைந்தது. அவள் உட்கார்ந்தாள். கையில் எல்லாம் செடி கீறிய காயம். ஒரு கொட்டுகூட இல்லை. நான் போனதும் கேட்டாள்.

"அண்ணே எங்க?"

மச்சானை ரோட்டோரத்தில் கண்டோம். முகமே இல்லை, வீக்கம்தான் இருந்தது. மறுபடியும் கொழுந்து லொறி. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். பெண்களைக் காப்பாற்ற ஓடினாராம் என்று லயமெல்லாம் பேச்சு. அவர் அதற்குச் சொன்னது:

"நா எங்க காப்பாத்துனேன்? காலு தானா ஓடுச்சு. மேப்பக்கம் ஓட முடியாது, கீழ ஓடுனேன்."

குளவி கொட்டிய அன்று பின்னேரமே சேருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அய்யே, கடைசி விழான்னுதான் எங்களுக்கும் சொன்னாங்க. அப்புறம், ஒரு முடிவு வர்ற வரைக்கும் நாலை வெச்சு ஓட்டுங்கன்னுட்டாங்க. நான் இப்ப பறக்கிறதில்ல. என் ஜெட்டைக் கழட்டித்தான் மத்த நாலுக்கும் சாமான் போடுறாங்க."

"எப்ப சேர் முடிவு வரும்?"

"யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு நான் எடுக்கவில்லை.

மச்சான் வேலைக்குத் திரும்பிய அன்று துரையும் பெரட்டுக் களத்துக்கு வந்திருந்தார். மச்சானுக்கு ஒரு பக்கக் கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. நம்பர்களைக் கூப்பிட்டார். மூன்று, ஐந்து, எட்டு. நிறுத்திவிட்டார்.

"ஒன்பது?" என்றார் துரை.

"அத நா கூப்புட மாட்டேங்க."

"அங்க கொழுந்து முத்திப் போகுது, கங்காணி."

"முத்தட்டுங்க. நீங்க கூப்புடுங்க. ஒங்க வாயால கூப்புட்டா போறவங்க போகட்டும்."

துரை பெண்களைப் பார்த்தார். யாரும் கூடையை எடுக்கவில்லை. என் மனைவி முன்வரிசையில் நின்றாள். துரை அவளையும் பார்த்தார், மச்சானின் கண்ணையும் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த நம்பர் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அது யோசனையிலேயே இருக்கிறது. ஒன்பதாம் நம்பரை மூடியதாக யாரும் சொல்லவில்லை, திறந்ததாகவும் சொல்லவில்லை. செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிவிட்டது. தோட்டத்திலேயே நல்ல கொழுந்து வந்த மலை. அது போனதால் எல்லோருக்கும் வேலை நாள் குறைந்தது. என் மனைவி எட்டாம் நம்பரில் பறிக்கிறாள். மழைக்கு முன்னால் அங்கே கான் வெட்ட நானும் போகிறேன்.

இந்த வருடமும் வந்தார்கள். வெள்ளைப் பாறையில்தான் திரும்பினார்கள். சத்தம் வந்தது, குளவி கலைந்தது, ஆளில்லாத மலையில் சுற்றிவிட்டு மறுபடி பாறையில் போய் ஒட்டிக்கொண்டது. நான் மண்வெட்டியோடு நிமிர்ந்தேன். அவளும் நிமிர்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மூணுதான் வருது," என்றாள். "ஒங்க சேரு போற எடது பக்கம் சும்மா கெடக்கு."

குனிந்து கொழுந்தைப் பறிக்கத் தொடங்கினாள்.