துளுக்காத ஆட்டை வெட்டமாட்டோம்

மகளின் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தால் இன்றைக்கும் நான் எடுப்பதற்குள் அது ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியும் பள்ளிக்கூடத்துப் பயம் மட்டும் நிற்கவில்லை. அது தொடங்கியது இரண்டாம் வகுப்பில், நான் ஓர் ஆட்டை வெட்டியதால்.

ஆடு என்றால் நிஜ ஆடு அல்ல, பக்கத்து பெஞ்சுப் பையன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளகோவில் பக்கம் எங்கள் சாமிக்குக் கிடாவெட்டு நடந்திருந்தது. நேர்ந்துவிட்ட கிடாயை நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது துளுக்க வேண்டும், அதாவது உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதற வேண்டும். அப்போதுதான் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை அரிவாள் பிடித்தவர் நிற்க வேண்டியதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் அதையே விளையாடினோம். அவன் நான்கு காலில் நின்றான். அன்றைக்கு அவனுக்கு என்ன வீம்போ, துளுக்கவே இல்லை. விதி விதிதானே? என் தண்ணீர் பாட்டில் தீர்ந்து, பக்கத்தில் நின்றவள் பாட்டிலும் தீர்ந்தது. கடைசியில் தொப்பலாக நனைந்து ஓர் உதறு உதறினான். மர ஸ்கேலை ஓங்கிக் கழுத்தில் வைத்தேன். நிமிர்ந்தால் மிஸ்.

கொலை விளையாட்டு என்றார். சாயந்திரம் வரை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தார். வீட்டிலிருந்து யாராவது வந்து, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற கடுதாசியில் கையெழுத்துப் போடும்வரை உள்ளே விடமாட்டேன், இல்லாவிட்டால் டி.சி. என்றார். டி.சி. என்பது ஏதோ பெரிய ஊசி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் துளுக்குனானா கண்ணு?"

"துளுக்குனாம்மா."

மறுநாள் காலையில் அம்மா கூடவே வந்தாள். தேங்காய்க் களத்தில் வேலை, சேலையில் நார் ஒட்டியிருந்தது. அதற்கு முன் அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. அங்கே வருவதெல்லாம் அப்பாதான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்மிஸ் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு இத்தனை முரட்டுத்தனம் ஆகாதும்மா. கையெழுத்துப் போடுங்க" என்றார் மிஸ்.

அம்மா கடுதாசியை எழுத்துக்கூட்டி முழுசும் படித்தாள். பிறகு மேசைமேலேயே வைத்தாள்.

"ஏனுங்க மிஸ், தப்பா நெனைக்காதீங்க. எங்கூர்ல ஆடு துளுக்காம அரிவாள ஓங்கமாட்டாங்க. இவளும் அவன் துளுக்கற வரைக்கும் நின்னிருக்கறா. ஆட்டுக்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கோணும்னு புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது. இவளை முட்டி போட வெக்கறதுக்கு முன்னால, என்ன ஏதுன்னு நீங்க இவகிட்ட கேட்டீங்களாங்க?"

ஹெட்மிஸ் ஆட்டைக் கூப்பிட்டனுப்பினார். அவன் சட்டையில் மூக்கைத் துடைத்தபடி வந்தான்.

"இவ உன்னை அடிச்சாளாடா?"

"இல்லீங்க மிஸ். நாந்தான் சீக்கிரம் துளுக்கல. இன்னைக்கு இவதான் ஆடுங்க. நான் இன்னும் ஒருக்காக்கூட வெட்டவே இல்லீங்க."

ஹெட்மிஸ் சிரிப்பை மறைக்கக் குனிந்து ஏதோ ஃபைலைத் தேடினார்.

"சட்டைய நனைச்சுப்போட்டது தப்புதானுங்க. அதுக்கு ஸாரி சொல்லட்டும்" என்றாள் அம்மா. சொன்னேன். வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கடுதாசி கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடந்தது.

அம்மா மைதானத்தைக் கடந்து போவதை வகுப்பே ஜன்னல் வழியாகப் பார்த்தது. எங்கள் சாமியே எழுந்து நடந்து போவதுபோல எனக்கு இருந்தது. எங்கம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று வருடக்கணக்கில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்காரும்போது என் வலது கை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. அத்தனை நேரமும் அம்மா பிடித்திருந்த கை. இடது கை காய்ந்துதான் இருந்தது. பயத்தில் எனக்குத்தான் வேர்த்துவிட்டது என்று நினைத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.