தலைவிரித்த சக்களத்தி

ஆணுக்கு எங்கேயாவது சக்களத்தி இருப்பாளா என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறாள். வெள்ளைச் சேலை, முழங்கால் வரை முடி, சில படங்களில் காலே கிடையாது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டிலேயே, என் மனைவியின் லேப்டாப் திரையில் குடியிருக்கிறாள். முன்பு அந்த இடத்தில் நான் இருந்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில், எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் நிற்கும் படம். ஒருநாள் திறந்தால் கடலும் இல்லை, நானும் இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. சிதம்பரத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தலைப்பு, பேய்ப் படங்களில் வரும் சூனியக்காரிகளும் பெண்ணியமும். முதலில் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சிதான். பேய்ப் படம் எங்கள் குடும்ப விவகாரம் அல்லவா?

கல்யாணமான புதிதில் அலுவலக நண்பன் ஒருவன் சொன்னான். "பேய்ப் படத்துக்கு இட்டுக்கினு போ மச்சான். பயத்துல பொண்ணு தானா கையப் புடிச்சிக்கும்." கூட்டிப்போனேன். கை பிடிக்கப்பட்டது உண்மை. பிடித்தது யார் என்பதில்தான் நண்பன் சொன்னது தவறிவிட்டது. படம் முடிந்து வெளியே வந்ததும் அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள். "மோதிரம் நசுங்கிப்போச்சுங்க" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து எந்தப் பேய் எந்தத் தியேட்டருக்கு வந்தாலும் அவள் ஓர இருக்கை, நான் பக்கத்து இருக்கை. நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் காதோரம் கதை சொல்லுவாள். பேய்ப் படங்களை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் ஜாஸ்தி.

ஆய்வு தொடங்கியதும் அந்தப் பக்கத்து இருக்கை போயிற்று. அவளோடு ஆய்வு செய்யும் தோழி, மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், அதில் உட்கார ஆரம்பித்தாள். சனிக்கிழமை நெறியாளரைப் பார்த்துவிட்டு, சிதம்பரத்திலேயே இருவரும் படத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வரும்போது என் மனைவியின் முகத்தில் ஒரு பிரகாசம் இருக்கும். என்னைப் பற்றிப் பேசும்போது ஒருநாளும் வந்திராத பிரகாசம் அது.

"சூனியக்காரின்னு யாரச் சொல்றாங்க பாருங்க" என்பாள், தோசையைத் திருப்பியபடி. "தனியா இருக்கறவ, மூலிகை தெரிஞ்சவ, சொன்ன பேச்சு கேக்காதவ. சத்தமா சிரிச்சாலே பேய்தான். ஈரோயின் படம் பூரா கிசுகிசுன்னு பேசுவா. குரல் ஒசரணும்னா அவளுக்குள்ள பேய் பூரணும். அதுக்கும் ஆம்பளக் குரலத்தான் டப்பிங் போடறான்!"

"தோச கருகுது" என்றேன்.

"பேயோட்டற சீன் வருதில்ல? உடுக்க அடிச்சி என்ன கேக்கறான்? நீ யாரு, எதுக்கு வந்த, உனக்கு என்ன வேணும்? அந்தப் பொண்ணு சும்மா இருந்தப்ப யாராவது அப்பிடி கேட்டாங்களா? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, காபில சக்கர போதுமான்னு ஒங்களத்தான் கேட்டாங்க. என்ன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

இந்த இடத்தில் புத்தியுள்ள கணவன் ஏதாவது கேட்டிருப்பான். நானும் கேட்டேன். "அப்ப, பேய் கேட்டா நெசமாவே கோழி குடுப்பாங்களா?"

அந்தச் சனிக்கிழமை அவள் கிளம்பும்போது, "நானும் வரட்டா?" என்றேன்.

"நீங்க எதுக்குங்க? நாங்க குறிப்பெடுக்கப் போறோம். நீங்க கண்ணையே தொறக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குள் ஏதோ ஏறி உட்கார்ந்தது. மதியம் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். பேய்ப் படம் ஓடியது ஒரே தியேட்டரில்தான். மேட்னி. விளக்கணைத்த பிறகு, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். வேவு பார்க்கத்தான். பார்த்தேன். என் இருக்கையில் மேல்பட்டாம்பாக்கத்துத் தோழி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் முறுக்கு பிடிக்கும்.

எரிந்ததில் ஒன்றை மறந்துவிட்டேன். கண்ணை மூட மறந்துவிட்டேன். திரையில் ஊர்க்கோடிக் குடிசையில் தனியாக வாழும் ஒருத்தியை ஊரே சூனியக்காரி என்றது. அவள் கிணற்றில் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறாள். தண்ணீருக்குள் இருந்து வேறொரு முகம் நிமிர்கிறது.

நான் அலறினேன்.

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. என் மனைவி மட்டும் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே தோழியிடம் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு வந்திருக்காரு."

"எங்கக்கா?"

"பின்னாடி. அந்தக் குரல் வேற யாருக்கும் வராது."

இடைவேளையில் வெளிச்சம் வந்தது. ஓடலாம் என்று எழுவதற்குள் இருவரும் என் எதிரில் நின்றார்கள். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். தோழி கையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை உடுக்கை மாதிரித் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு நீ?" என்றாள் என் மனைவி.

"ஒன் புருசன்தான்."

"பொய் சொல்லாத. என் புருசன் பயந்தாங்கொள்ளி, பேய்ப் படத்துக்குத் தனியா வரமாட்டாரு. அவர எங்க புடிச்ச?"

தப்ப வழியில்லை. கைக்குட்டையை அவிழ்த்தேன். "செம்மண்டலத்துல. பஸ் ஏறும்போது."

"எதுக்கு வந்த?"

"பொறாம."

பாட்டில் இன்னும் வேகமாக ஒலித்தது. பின்வரிசை ஆட்கள் பாப்கார்னை மறந்து எங்களையே பார்த்தார்கள்.

"உனக்கு என்ன வேணும்?"

நக்கலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கேள்வியை அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். இருந்தாலும் ஒருத்தி எதிரில் நின்று, கண்ணைப் பார்த்து, பதிலுக்காகக் காத்திருப்பது ஒரு மாதிரி இருந்தது. இதைக் கேட்பார்கள் என்றால் நானும் வேப்பிலை அடி வாங்கத் தயார்.

"பக்கத்து சீட்டு" என்றேன்.

"குடுத்தா எறங்கிப் போயிடுவியா?"

"போயிடறேன்."

"அப்ப உச்சி முடியக் குடு. புளியமரத்துல வெச்சி ஆணி அடிக்கணும்."

"அண்ணாகிட்ட அது ஏதுக்கா?" என்றாள் தோழி. பின்வரிசை வெடித்துச் சிரித்தது.

முடியை ஆணிக்குத் தராமலே இருக்கை கிடைத்தது. தோழி ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். முறுக்குப் பொட்டலம் என் வழியாகத்தான் போய்வந்தது. விளக்கணையும் நேரத்தில் எனக்கும் ஒரு ஞானம் பிறந்தது. "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"இப்பவா? படம் போட்டுட்டான். வாய மூடுங்க, அதான் வேணும்."

கடைசியில் அந்தச் சூனியக்காரியை மரத்தில் கட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு என் மனைவியின் கையைத் தேடினேன். கொடுத்தாள். ஆனால் கை மட்டும்தான் என்னிடம் இருந்தது. "கண்ணத் தொறங்க" என்றாள். "அவ என்ன சொல்றான்னு பாருங்க." ஒரு கண்ணைத் திறந்தேன். பூசாரி, உனக்கு என்ன வேணும் என்று கேட்டான். அவள் வாய் திறந்தாள். அதற்குள் பம்பையும் உடுக்கையும் முழங்கின. அவள் உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை. பிறகு நெருப்பு.

"கேட்டான். பதில நின்னு கேக்கல, பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி. அவள் கன்னம் ஈரமாக இருந்தது. எனக்காக அவள் இப்படி அழுவாளா என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு ஓடியது எனக்கு.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, என்ன வேணும் என்று மறுபடி கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு அது சுலபமில்லை. பஸ் புவனகிரியைத் தாண்டியது. வெயில் தணிந்து காற்று வந்தது.

"ஞாயித்துக்கெழம அந்த முன்ரூம் எனக்கு வேணும்" என்றாள். "ஒங்க கேரம் போர்டு, பழைய டிவி எல்லாம் எடுத்துடுங்க. கதவச் சாத்திக்கினு எழுதப் போறேன். சாப்பாடு என்னன்னு வந்து தட்டக்கூடாது. நீங்களே செஞ்சிடுங்க."

"சரி. உள்ள யார் யாரு?"

"நானும் அவளும்தான்."

நான் ஒரே ஒரு சினிமா இருக்கைக்கு இறங்கிப்போன பேய். என் சக்களத்தி அறையையே வாங்கிவிட்டாள். இதை எழுதுகிற இன்றைக்கும் ஞாயிறுதான். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்கள். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. உப்பு எவ்வளவு என்று தெரியவில்லை. தட்டக்கூடாது.