பாதி மடங்கிய கை

யுத்த காலத்தில் தருமபுரிக்கும் அரூருக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரியடுப்பு மாட்டி அந்தப் புகையில் ஓடிய வண்டி. ஒருநாள் காலையில் இன்ஜினைக் கிளப்ப முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றியபோது அது திருப்பி அடித்து என் வலது மணிக்கட்டை முறித்துவிட்டது.

முதலாளி எங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். 'வேலைக்கு லாயக்கில்லை' என்று டாக்டர் எழுதித் தருகிற காலம் முழுதும் பாதிச் சம்பளம் வரும். மாவுக்கட்டோடு ராஜா மாதிரி ஊர் சுற்றினேன்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; மணிக்கட்டுதான் அசையவில்லை.

"தெனமும் வெந்நீர்ல வெச்சு மடக்கிப் பழகுங்க. வலிக்கும், உட்ராதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

பஸ் ஆபீஸ் குமாஸ்தா வேறு வைத்தியம் சொன்னார். "மடக்கவே மடக்காதீங்க. அடுத்த மாசம் இன்சூரன்ஸ் டாக்டர் சேலத்துலருந்து வர்றாரு. கை மடங்கலைன்னா நெரந்தர ஊனம், மொத்தமாப் பணம். மடங்குச்சோ, ஒண்ணுங் கெடையாது."

வலியும் மிச்சம், பணமும் லாபம். கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டேன். ஒரு ஜோடி மாடு வாங்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"வாங்கி, எந்தக் கையில புடிச்சு ஓட்டுவீங்க?" என்றவள், களி கிண்டும் துடுப்பை என்னிடம் நீட்டினாள். "இனிமே நீங்கதான் கிண்டோணும்."

கேழ்வரகுக் களி இறுக இறுகத் துடுப்பு நகராது. முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமாஸ்தா அடுத்த தெருவில் இருந்ததால், தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கிண்டினேன்.

சேலத்து டாக்டர் வந்தார். விறைப்பாக வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துதான் கையை நீட்டினேன். அவர் மெதுவாக அழுத்தினார். பாதிவரை மடங்கி நின்றது.

"இன்னும் மடங்குமா, இல்ல இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

குமாஸ்தா அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார்.

"இன்னொரு மாசம் போனா வண்டியே ஓட்டுவேனுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் சிரித்தார். "ஊனம்னு எழுத முடியாது, கொணமாயிடுச்சுன்னும் எழுத முடியாது" என்று சொல்லி, இன்னும் ஒரு மாதம் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதினார். அந்த மாதமும் பாதிச் சம்பளம் வந்தது. மொத்தப் பணம் வரவில்லை.

மறுபடி வண்டி எடுத்த அன்று தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் ஏறியிருந்தது. முதல் வளைவில் மணிக்கட்டு சுரீரென்றது. வண்டி சற்று அகலமாகத் திரும்பியது. உள்ளே எல்லோரும் ஒரே குரலில் "அரோகரா!" என்றார்கள். பக்தியா பயமா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.