பேரம் பேசாத ராணுவக்காரர்

எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கையில் பணம் புரண்ட காலத்தில் ஆறு நாற்காலியோடு ஆசைப்பட்டு வாங்கியது. சாப்பாடு என்னவோ வழக்கம்போல டிவிக்கு முன்னால் தரையில்தான். டேபிள் மேல் வெங்காயமும், இஸ்திரி போட வேண்டிய துணியும், நான் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களும் குடியிருந்தன.

போன வருஷம் என் கணவர் ஓட்டும் சின்ன லோடு வண்டி, எல்லோரும் குட்டியானை என்பார்களே, அது இன்ஜின் போய் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. வீடு என் தனியார் பள்ளி டீச்சர் சம்பளத்தில் ஓட வேண்டியிருந்தது. மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்கென்று என் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பணமும் கொஞ்சம் குறைந்தது. தரையில் சாப்பிடுகிற ஜனத்துக்கு டேபிள் எதற்கு என்று பழைய சாமான் விற்கும் ஆப்பில் போட்டுவிட்டேன். விலை பன்னிரண்டாயிரம். வெங்காயத்தை இறக்கிவிட்டுத்தான் போட்டோ எடுத்தேன்.

பத்தே நிமிஷத்தில் போன்.

"மேடம், நான் ஆர்மி ஆபீசர். டேபிள் பிடிச்சிருக்கு. பன்னெண்டாயிரம் ஓகே."

எனக்கு வாயெல்லாம் பல். ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. செஞ்சி பஜாரில் ஒரு கட்டு கொத்தமல்லியைக்கூடப் பேரம் பேசாமல் யாரும் வாங்க மாட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்ஸப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். அதை என் பேமென்ட் ஆப்பில் ஏற்றி பின் நம்பரைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடுமாம். பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்குவதற்கு வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்ன, பள்ளிக்கூடத்தில் மைக்கைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொன்னவளே நான்தான். ஆனால் கை காய்ந்து கிடக்கும் நேரத்தில் பன்னிரண்டாயிரம் என்று ஸ்க்ரீனில் தெரிந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. ஆறு எண்ணில் மூன்றை அழுத்திவிட்டேன்.

ஸ்பீக்கரில் அவர் அவசரப்படுத்தினார். "சீக்கிரம் மேடம், லாரி ரெடியா நிக்குது."

"எங்கருந்து சார் வரீங்க?" சும்மாதான் கேட்டேன்.

"உங்க ஊர்தான் மேடம். செஞ்சிக் கோட்டையிலதான் எங்க டியூட்டி."

விரல் நின்றுவிட்டது. "கோட்டையிலயா?"

"ஆமா மேடம், மலை மேல கேம்ப். ஜவான்ங்க சாப்பிடத்தான் டேபிள்."

பாவம், ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார், கோட்டை என்று வந்திருக்கும், கோட்டை என்றால் படை இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் கோட்டையில் டிக்கெட் கொடுப்பவரையும் வாட்ச்மேனையும் விட்டால் குரங்குகள்தான். அவை ஆறு நாற்காலியிலும் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருப்பதை நினைத்தேன். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அது சரி சார், ராஜகிரி மலை உச்சிக்கு டேபிளை யாரு தூக்கினு ஏறுவாங்க?"

"ஹெலிகாப்டர் இருக்கு மேடம்."

போனை வைத்து, நம்பரை பிளாக் செய்து, ஆப்பில் புகாரும் கொடுத்தேன். இன்னும் மூன்று எண் அழுத்தியிருந்தால், மகளின் ஃபீஸ் பணத்தில் பன்னிரண்டாயிரம் போயிருக்கும்.

கணவர் வந்ததும் ஹெலிகாப்டர் வரைக்கும் நடித்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னாங்க ஆச்சு?"

"போன மாசம் கூட்டாளிக்கு மூவாயிரம் கைமாத்து குடுத்தேன்னு சொன்னேன் இல்ல? குடுக்கல. வண்டி ஸ்பீக்கரை ஆன்லைன்ல விக்கப் போயி, இதேமாரி ஒருத்தன்கிட்ட ஏமாந்துட்டேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ டீச்சராச்சே. சிரிப்பேன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூவாயிரத்துக்காக இல்லை.

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இன்னிக்கு மூணு நம்பர் அமுக்கியிருக்க மாட்டேங்க."

மறுநாள் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லோடு வண்டி ஸ்டாண்டில் போய் என் கதை, தன் கதை இரண்டையும் கொட்டிவிட்டார். அங்கே இரண்டு பேர் ஏற்கெனவே ஏமாந்துவிட்டு வீட்டில் மூச்சு விடாமல் இருந்தார்களாம். ஒருவர் வாடகை அட்வான்ஸையே விட்டிருக்கிறார்.

அந்தப் பேச்சிலேயே டேபிளுக்கும் ஆள் கிடைத்தது. பக்கத்து ஊரான அனந்தபுரத்து டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கால் ஆடுகிறது என்றார்கள், கலர் மட்டம் என்றார்கள், என் டீயைக் குடித்துக்கொண்டே ஏழாயிரம் என்றார்கள். காது குளிரக் கேட்டேன். அரை மணி நேரம் இழுபறியாகி ஒன்பதில் முடிந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஃபீஸைக் கட்டினோம். கட்டியாகிவிட்டது என்று மகளுக்குச் சொல்லிவிட்டு நான் போனைக் கீழே வைத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆறு நம்பரையும் அமுக்கியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார்.