மறுபடியும் ஒன்றாம் ஆண்டு

பதினொரு வயதுவரை பெரியப்பா மகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதே இல்லை. பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருவருக்கும் ஒரே வயது. நான் ஈப்போ நகரத்தில் சீனமொழிப் பள்ளியில் படித்தேன். அவள் பெரியப்பா வேலை பார்த்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு பாதி வீடுகள் காலியாகிவிட்ட தோட்டம் அது. தீபாவளிக்கு அங்கே போனால் அப்பா என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சீனத்தில் நாலு வார்த்தை பேசச் சொல்வார். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். எனக்கு அது முறுக்கைவிட ருசியாக இருக்கும்.

நாங்கள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, அவள் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் பெரியப்பா எங்களை அழைத்தார். பள்ளி வாரியத் தலைவர் மேடையேறி, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு நிதி திரட்டியிருப்பதாகச் சொன்னார். ஆறு ஆண்டும் இங்கேயே படித்து முடிக்கும் பிள்ளைக்குப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், படிப்புச் செலவு முழுவதையும் வாரியமே ஏற்கும். மண்டபமே எழுந்து கைதட்டியது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரியவர்களுக்கு வாங்கியது, அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அப்படியும் அழகாகத்தான் இருந்தாள். எனக்குக் கைதட்டக் கை எழவில்லை.

விழா முடிந்ததும் கேண்டீனில் பொன்னாடையைக் கழற்றாமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மீகூன் சேமியா சாப்பிட்டாள்.

"தொட்டுப் பாரேன், எவ்ளோ வழுவழுன்னு இருக்கு."

"கொழம்பு பட்டுடும், கழட்டி வை லா," என்றேன். அவள் கழற்றவில்லை.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியையிடம் நேரே போனேன்.

"டீச்சர், நானும் இந்தப் பள்ளியில சேந்துக்கறேன்."

"எத்தனாவது படிக்கிற மா?"

"ஆறாவது."

"ஆறு வருசமும் இங்கயே படிச்சிருக்கணுமே மா."

"அப்ப மறுபடியும் ஒன்னாம் ஆண்டுலேர்ந்து படிக்கிறேன்."

கேண்டீனே சிரித்தது. அம்மாகூடச் சிரித்தார். அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் சிரிக்கவில்லை. பெரியப்பா தன் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "விடு தம்பி, சின்னப்புள்ள. நீ சாப்பிடு," என்றார். அப்பா சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் காரை எடுக்கப் போனார். மானத்தை வாங்கிவிட்டேன், வீட்டுக்குப் போனதும் பிரம்படிதான் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். அடி விழவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் என்னைச் சீனம் பேசச் சொல்லவும் இல்லை.

அவள் அந்த உதவியில்தான் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியையானாள். அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்றுதான் அம்மா வாயைத் திறந்தார். நாங்கள் ஒன்றாம் ஆண்டில் சேர வேண்டிய சமயத்தில், பிள்ளைகள் இல்லாமல் அந்தப் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு இருந்ததாம். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "நாம படிச்ச பள்ளிடா, ஒன் மகளையும் அனுப்பு," என்று கெஞ்சினாராம். மூடப்போகிற பள்ளிக்கு என் பிள்ளையை அனுப்ப நான் என்ன பைத்தியமா என்று அப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு அண்ணன் வீடு வீடாய் ஏறி இறங்கிப் பிள்ளை சேர்த்ததைத் தம்பி தூரத்திலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறார்.

அன்று அந்தக் கேண்டீனில் வயிறு எரிந்துகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.